அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

மைக்ரோகன்ட்ரோலர், ஐஓடி என்று புதியவர்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்தித் தரச் சொல்லிக் கேட்கும் ஆசிரியர்கள் எல்லோரும் முதலில் கேட்பது சிலபஸைத்தான். "காலைல என்ன, மத்தியானம் என்னன்னு ஒரு பக்கத்துல போட்டு அனுப்பிடுங்க சார், பிரின்சிபால்கிட்ட கையெழுத்து வாங்கணும்." அனுப்பிவிடுவேன். கூடவே ஒரு கேள்வியும் போகும்: லேப் கம்ப்யூட்டர்களின் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? இதற்குப் பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதை வைத்தே அந்தப் பயிலரங்கு எப்படிப் போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கல்லூரி, பாலிடெக்னிக், பள்ளி என்று பல இடங்களில் இதை நடத்தியிருக்கிறேன். மற்றவர்கள் நடத்தும்போது பின்வரிசையில் நின்று உதவியும் இருக்கிறேன். நடத்துபவருக்கு விஷயம் தெரியாததால் படுத்துப்போன பயிலரங்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. படுத்தவை எல்லாம் கேபிளாலோ டிரைவராலோ வைஃபையாலோ படுத்தவை. அதனால் இங்கே எலெக்ட்ரானிக்ஸ் கொஞ்சமாகத்தான் வரும்.

தேதி உறுதியானதும் லேபை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். எச்ஓடி அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடாமல் லேப் அசிஸ்டென்ட் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எந்த சிஸ்டத்தின் முன்பக்க யூஎஸ்பி செத்துப்போயிற்று, எந்த வரிசைக்கு யூபிஎஸ் கிடையாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பல லேப்களில், ரீஸ்டார்ட் செய்ததும் கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும் மென்பொருள் ஒன்றைப் போட்டு வைத்திருப்பார்கள். வைரஸ் வராமலிருக்க அது நல்லதுதான், நமக்கு ஆகாது. முந்தின நாள் மாலை ஒவ்வொரு சிஸ்டமாக உட்கார்ந்து ஆர்டுயினோ ஐடிஇயும் டிரைவரும் ஏற்றிவிட்டுப் போனால், மறுநாள் காலை ஆன் செய்யும்போது எதுவுமே இருக்காது. அதைவிடக் கொடுமை, நடுவில் கரண்ட் போவது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள ஆகும் அந்தச் சில விநாடிகளில் யூபிஎஸ் இல்லாத வரிசை முழுவதும் ரீஸ்டார்ட் ஆகும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் செய்த வேலை மட்டுமல்ல, நாம் ஏற்றிய மென்பொருளும் சேர்ந்தே போய்விடும். அந்தக் காவல் மென்பொருளை இரண்டு நாளைக்கு நிறுத்திவைக்க அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அந்த ஊரில் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக சப்ளையை நிறுத்தும் நாள் எது என்றும் பார்த்துவிட்டுத் தேதியைக் கொடுங்கள். அது தெரியாமல் ஹால் புக் செய்தவர்கள் நிறையப் பேர்.

"பிள்ளைங்க சொந்த லேப்டாப் கொண்டுவந்துடுவாங்க" என்றால் ஒரு தொல்லை போய் வேறொன்று வரும். பிளக் பாயின்ட் போதாது. இரண்டு பேருக்கு ஒரு சாக்கெட் என்று எண்ணி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாகக் கோக்காதீர்கள். லினக்ஸ் வைத்திருக்கும் ஓரிருவருக்கு போர்டு தெரியும், ஆனால் அப்லோடு ஆகாது. பெரும்பாலும் அந்த யூசரை டயல்அவுட் குரூப்பில் சேர்த்து லாக்அவுட் செய்து மறுபடி வந்தால் சரியாகிவிடும்.

அடுத்து, எந்த போர்டு? அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளிகளில் ஆர்டுயினோ ஊனோ அலமாரியில் ஏற்கெனவே இருக்கும். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காகத் தொடங்கிய போர்டு வரிசையில் வந்தது அது. 5 வோல்ட்டில் ஓடும், பிள்ளைகள் செய்யும் தப்புகளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எல்இடி, பட்டன், பஸ்ஸர் வரை போதுமென்றால் ஊனோவே போதும், வேறு தேட வேண்டாம். ஆனால் வழக்கமான ஊனோவில் வைஃபை கிடையாது. தனி மாட்யூலைச் செருகி அதோடு மல்லுக்கட்டுவது முதல் நாளில் வேண்டாத வதை. நெட்வொர்க்கில் இணையும் சாதனம் செய்வதுதான் நோக்கம் என்றால் எஸ்பிரெஸிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32 போர்டுதான் என் தேர்வு. அதற்கு மூத்ததான ஈஎஸ்பி8266 சிப் 2014இல் வந்தது, ஈஎஸ்பி32 2016இல். சில நூறு ரூபாய்க்கு வைஃபை, புளூடூத் இரண்டும் கிடைக்கின்றன.

இந்த ஈஎஸ்பி32க்குச் சில குணங்கள் உண்டு, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வழக்கமாகக் கிடைக்கும் வகை 5 வோல்ட்டில் பதில் தருவது. நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டேஜைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். முதல் பயிலரங்கில் அதைச் சேர்ப்பதே இல்லை என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது, போர்டின் அகலம். இணையத்தில் படம் பார்த்து வாங்கிவிடுவோம், பிரெட்போர்டில் செருகினால்தான் தெரியும்: போர்டு இருபக்கத் துளைகளையும் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு பக்கம் ஒற்றை வரிசை மிஞ்சினால் அதிர்ஷ்டம், சிலவற்றில் அதுவும் மிஞ்சாது. ஜம்பர் வயரை எங்கே செருகுவது? இரண்டு பிரெட்போர்டை எடுத்து, ஒன்றின் ஓரத்தில் இருக்கும் பவர் பட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போர்டின் ஒரு கால் வரிசையை இதிலும் மறுகால் வரிசையை அதிலும் செருகினால் இருபக்கமும் தாராளமாக இடம் கிடைக்கும். ஆக, கிட் ஒன்றுக்கு இரண்டு பிரெட்போர்டு என்று பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள். பெரிய 830 துளை பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்துச் சிவப்புக் கோடு நடுவில் விட்டிருக்கும். அங்கே உள்ளே இணைப்பும் அறுந்திருக்கும். மேல்பாதியில் பவர் கொடுத்துவிட்டு கீழ்ப்பாதியில் சென்சாரைச் செருகியவர் சென்சாரைத்தான் திட்டுவார்.

மூன்றாவது குணம் மதியத்துக்கு மேல்தான் தலைகாட்டும். ஈஎஸ்பி32இல் அனலாக் மதிப்பைப் படிக்க இரண்டு பகுதிகள் உண்டு. அவற்றில் இரண்டாவதை வைஃபை தனக்கென எடுத்துக்கொள்ளும். காலையில் 4ஆம் பின்னிலோ 15ஆம் பின்னிலோ பொட்டென்ஷியோமீட்டரைப் போட்டுத் திருப்பினால் எண் அழகாக ஏறி இறங்கும். மதியம் அதே கோடில் வைஃபை வரிகளைச் சேர்த்ததும் மதிப்பு வருவது நின்றுவிடும். வயர் மாற்றி, சென்சார் மாற்றி, கடைசியில் போர்டையே மாற்றிப் பார்ப்பார்கள். 32 முதல் 39 வரையுள்ள பின்கள் முதல் பகுதியில் சேர்ந்தவை, வைஃபை ஓடும்போதும் வேலை செய்யும். பாடக்குறிப்பில் அனலாக் என்று வரும் இடத்திலெல்லாம் 34 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. 34இலிருந்து மேலே உள்ளவை உள்வாங்க மட்டும்தான், அங்கே எல்இடி எரியாது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொடுங்கள்.

சாமான் வாங்குவது தனிக் கலை. சென்னை என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்து, கடைக்காரரோடு பேசி, ஒரே லாட்டில் வாங்கலாம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஆன்லைன்தான். எங்கே வாங்கினாலும் போர்டுகள் எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். கம்ப்யூட்டரோடு பேச போர்டில் தனியாக ஒரு சிப் இருக்கும். சில போர்டுகளில் சிபி2102, சிலவற்றில் சிஎச்340. இரண்டுக்கும் டிரைவர் வேறு. கலந்து வாங்கினால் பாதி வகுப்புக்கு ஒரு டிரைவர், மீதிக்கு வேறு டிரைவர் என்று அலைய வேண்டியிருக்கும். பார்சல் வந்ததும் பிரித்து, ஒவ்வொரு போர்டிலும் ஒரு பிளிங்க் ஏற்றி, எரிந்ததும் பின்னால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பத்துக்கு ஒன்று வீதமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் மாட்யூல்கள் சிலவற்றில் கால்களைச் சால்டர் செய்யாமல் தனியே பையில் போட்டு அனுப்புவார்கள். இதை முதல் நாள் இரவு கண்டுபிடித்தால் அன்று தூக்கம் கிடையாது.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யூஎஸ்பி கேபிளுக்குள் பவருக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. விலை குறைந்த சார்ஜிங் கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. அதில் போர்டை மாட்டினால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரியும். மாணவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். கம்ப்யூட்டரில் மட்டும் காம் போர்ட் வராது. "சார், போர்ட் வரல" என்று முதல் கை உயர்ந்ததும் நாம் டிரைவரைச் சந்தேகப்படுவோம். டிரைவரை நீக்கி, மறுபடி ஏற்றி, ரீஸ்டார்ட் செய்து, இருபது நிமிடம் போன பிறகு பக்கத்து மேசைக் கேபிளை மாட்டினால் டக்கென்று வந்துவிடும். அதனால் போர்ட் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்று, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று கரும்பலகையில் எழுதியே வைத்துவிடுவேன். வாங்கிய கேபிள்களைச் சோதிக்க போர்டுகூடத் தேவையில்லை. அதே முனை உள்ள போனை கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று கேட்டால் தகவல் கம்பி இருக்கிறது, சார்ஜிங் மட்டும் ஏறினால் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் போனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேறிய கேபிள்களில் பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது என் வழக்கம். பயிலரங்கு நடக்கும்போது மாணவர்கள் தங்கள் போன் கேபிளையும் எடுத்து மாட்டிக்கொள்வார்கள், பச்சை இல்லாதது தனியாகத் தெரியும்.

மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று நம்பவே நம்பாதீர்கள். ஐடிஇ சின்னதுதான். ஈஎஸ்பி32க்கான போர்டு பேக்கேஜ் நூற்றுக்கணக்கான எம்பி. ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் அதை இறக்கத் தொடங்கினால் கல்லூரி இணையம் மூச்சுமுட்டி நின்றுவிடும். ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சரியாக ஏற்றிவிட்டு, அந்த ஆர்டுயினோ15 ஃபோல்டரையும் லைப்ரரிகளையும் டிரைவரையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மற்றவற்றில் நகலெடுப்பதுதான் விரைவான வழி. பென்டிரைவ் நாலைந்து இருக்கட்டும். எல்லா இடத்திலும் பேக்கேஜின் வெர்ஷன் ஒன்றாக இருக்க வேண்டும். 2024இல் வந்த 3.0 பதிப்பில் எல்இடியின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டளைகளை மாற்றிவிட்டார்கள். பழைய வீடியோவையும் பழைய புத்தகத்தையும் பார்த்து அடித்த கோடு இதில் ஓடாது. எந்த வெர்ஷனில் பாடத்தைத் தயாரித்தீர்களோ அதையே எல்லாவற்றிலும் போடுங்கள், புதியது வந்திருக்கிறது அப்டேட் செய்யவா என்று ஐடிஇ கேட்டால் வேண்டாம் என்று சொல்லப் பழக்குங்கள். முந்தின நாளே ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஒருமுறை கம்பைல் செய்து வைப்பது பெரிய உதவி. பழைய லேப் கம்ப்யூட்டரில் முதல் கம்பைல் நிமிடக்கணக்கில் இழுக்கும். அடுத்தடுத்தது விரைவாக முடியும்.

கிட் பை கட்டும்போது ஒரு யோசனை. ரெசிஸ்டரின் நிறப்பட்டைப் பாடத்தை நான் விட்டுவிட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் எனக்கே மயங்கும். நீல நிறத்து ரெசிஸ்டரில் ஐந்து பட்டை வேறு, எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்றே குழப்பம். சின்ன ஜிப் கவரில் போட்டு மேலே 220 என்று மார்க்கரில் எழுதி, சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். மல்டிமீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொள்வது பட்டை மனப்பாடத்தைவிட உருப்படியான வேலை என்பது என் கட்சி. மூத்த பேராசிரியர்கள் சிலர் இதற்கு ஒப்புவதில்லை.

வெப்பம், ஈரப்பதம் அளக்க டிஎச்டி11 என்ற நீலப் பெட்டி சென்சார் போதும். 2 டிகிரி முன்பின் காட்டும், விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்டால் பதில் தராது. பிள்ளைகள் அதன்மேல் வாயால் ஊதி ஈரப்பதம் எகிறுவதைப் பார்த்துச் சிரிக்க அது போதும். ஆனால் மூன்று கால் மாட்யூலில் எது பவர், எது டேட்டா, எது கிரவுண்டு என்ற வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். நம் படத்தில் ஒரு வரிசை இருந்து கையில் இருப்பது வேறாக இருந்தால் சில விநாடிகளில் சென்சார் சுட ஆரம்பித்துவிடும். நீங்கள் வாங்கியதையே போட்டோ எடுத்து, அந்தப் படத்தையே பாடக்குறிப்பில் போடுங்கள்.

சிலபஸ் பற்றி இப்போது சொல்கிறேன். நீங்கள் எழுதியதைப் பாதியாக வெட்டுங்கள். ஒரு நாள் பயிலரங்கில் கைக்குக் கிடைப்பது ஆறு மணி நேரம். திறப்பு விழா, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் போக நாலரை. அதில் ஒரு எல்இடி, ஒரு பட்டன், ஒரு சென்சார், பிறகு அந்த சென்சார் மதிப்பை வைஃபை வழியாக ஒரு திரைக்கு அனுப்புவது, இவ்வளவு நடந்தால் பெரிய வெற்றி. சர்வோ, டிஸ்பிளே, புளூடூத், கிளவுட் டாஷ்போர்டு என்று நீளும் அழைப்பிதழ்களைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகளுக்காகக் கவலையாக இருக்கும்.

பட்டன் பாடத்தை நான் பட்டன் இல்லாமல்தான் தொடங்குவேன். 13ஆம் பின்னில் ஒரு ஜம்பர் வயரைச் செருகி, மறுமுனையை எதிலும் மாட்டாமல் தொங்கவிடச் சொல்வேன். அந்தப் பின்னில் வருவதை அப்படியே எல்இடிக்கு அனுப்பும் சில வரிக் கோடு. எல்இடி தன்பாட்டுக்கு மினுக்கும். வயரின் முனையை விரலால் பிடித்தால் மினுக்கல் மாறும். லேப்டாப் சார்ஜரின் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னொரு விதமாக மாறும். "சார், எதையுமே தொடல சார், அதுவா எரியுது!" கோடில் தப்பில்லை, வயரிங்கில் தப்பில்லை. எதனோடும் இணைக்காத பின் அறையிலுள்ள மின்சார இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொண்டு மேலும் கீழும் அலைகிறது. அப்புறம் கோடில் இன்புட் என்று இருந்த இடத்தில் இன்புட் புல்அப் என்று ஒரே ஒரு சொல் மாற்றம். ஆட்டம் நின்றுவிடும், வயர் நுனியை கிரவுண்டில் தொட்டால் மட்டும் அணையும். அதன் பிறகு பட்டனைக் கையில் கொடுத்தால், அது அந்த வயரைக் கிரவுண்டில் தொடவைக்கும் ஒரு வசதி என்பது தானாகப் புரிந்துவிடுகிறது. புல்அப் ரெசிஸ்டரை வட்டமிட்டு விளக்கி நாற்பது நிமிடம் பேசுவதை விட இது எவ்வளவோ மேல்.

அப்லோடு செய்யும்போது "கனெக்டிங்னு புள்ளி புள்ளியா போயிட்டே இருக்கு சார்" என்பார்கள். போர்டில் பூட் என்று எழுதிய பட்டனை அழுத்திப் பிடித்தால் ஏறிவிடும். இதுவும் கரும்பலகைக்கு. சீரியல் மானிட்டரில் கிறுக்கல் எழுத்தாக வந்தால் வேகம் 115200 என்று மாற்ற வேண்டும், அதுவும் கரும்பலகைக்கு. செமிகோலன் விட்டுப்போனால் ஐடிஇ பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் சிவப்பில் காட்டும். சிவப்புக்கு மேல் வரியையும் பார் என்பது நாலாவது. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கில எரர் செய்தியைக் கண்டதும் படிக்காமலே கையைத் தூக்கிவிடுவார்கள். கிட்டே போனதும் "அந்த வரியைச் சத்தமாப் படிப்பா" என்று மட்டும் சொல்வேன். படித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இனி வைஃபை. கல்லூரி வைஃபையில் சேர பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். ஈஎஸ்பி32க்கு ஏது பிரவுசர்? விருந்தினர்களுக்கான நெட்வொர்க் என்று தனியாக ஒன்று கொடுப்பார்கள். அதில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்கவே முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். போன் ஹாட்ஸ்பாட் என்றால் பல போன்களில் பத்துச் சாதனத்தோடு வாசல் மூடிவிடும். போதாக்குறைக்கு இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் ஒளிபரப்பும் ஹாட்ஸ்பாட் அதன் கண்ணிலேயே படாது. ஐபோன்காரர்கள் ஹாட்ஸ்பாட் அமைப்பில் மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி என்பதை ஆன் செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் என் தீர்வு, சொந்தமாக ஒரு ரூட்டரைக் கையோடு எடுத்துப்போவது. அதற்கு இணைய இணைப்பே வேண்டாம். ரூட்டரோடு என் லேப்டாப், அதில் மாஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி புரோக்கர். பிள்ளைகளின் போர்டுகள் எல்லாம் அதற்குத்தான் தகவல் அனுப்பும். ஊரில் இணையம் அறுந்தாலும் நம் வகுப்பு ஓடும். மாஸ்கிட்டோவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2.0 பதிப்பு முதல் அது தன் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். வெளியிலிருந்து வருபவர்களையும் சேர்க்க, கான்ஃபிக் ஃபைலில் 1883 போர்ட்டில் கேட்கச் சொல்லி ஒரு வரி, பாஸ்வேர்டு இல்லாதவர்களையும் அனுமதிக்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலிலும் 1883ஐத் திறந்துவிட வேண்டும். லேப்டாப்புக்கு ரூட்டரில் ஐபி முகவரியை நிலையாகக் கட்டிவையுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் அது மாறிவிட்டால் அத்தனை போர்டிலும் கோடை மாற்ற வேண்டியிருக்கும்.

வகுப்பு முழுவதும் ஒரே கோடை ஓட்டும்போது மட்டும் முளைக்கும் கோளாறு ஒன்று உண்டு. வீட்டில் ஒற்றை போர்டை வைத்து எவ்வளவு சோதித்தாலும் அது வெளியே வராது. புரோக்கரோடு இணையும் ஒவ்வொரு சாதனமும் தன்னை அடையாளம் காட்ட ஒரு கிளையன்ட் ஐடி சொல்லும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒன்றின் ஐடியோடு புதிதாக ஒன்று வந்தால், பழையதை வெளியேற்றிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும் என்பது எம்க்யூடிடியின் விதி. நாம் கொடுத்த மாதிரிக் கோடில் ஒரே பெயர் இருந்தால் என்ன ஆகும்? இரண்டாவது போர்டு சேர்ந்ததும் முதல் போர்டு வெளியே விழும். விழுந்தது சும்மா இருக்குமா, மறுபடி இணையும். இரண்டாவது வெளியே விழும். மூன்றாவது, நாலாவது என்று சேரச் சேர ஒரே நாற்காலி வைத்து மியூசிக்கல் சேர் ஆடியதுபோல் ஆகிவிடும். எல்லோர் திரையிலும் கனெக்டட், கனெக்ஷன் லாஸ்ட் என்று மாறி மாறி ஓடும். ரூட்டர் தாங்கவில்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஐடியின் கடைசியில் மேசை எண்ணைச் சேர்க்கச் சொன்னால் அடங்கிவிடும். தகவலுக்கு வைக்கும் தலைப்பான டாபிக்கின் பெயரிலும் அதே மேசை எண். மாதிரிக் கோடில் அந்த எண்ணுக்குரிய இடத்தைக் காலியாக விட்டு, நிரப்பினால்தான் கம்பைல் ஆகும்படி எழுதிவிடுவேன்.

புரோக்கர் என்றால் என்ன என்பதைத் திரையில் காட்டுவதைவிட வகுப்பறையில் நடத்திக் காட்டுவது எளிது. ஒரு மாணவியை நடுவில் நிறுத்தி, "நீதாம்மா புரோக்கர்" என்பேன். மேசை 3இன் வெப்பம் யாருக்கெல்லாம் வேண்டுமோ அவர்கள் அவளிடம் பெயர் கொடுக்க வேண்டும். மேசை 3 ஒரு துண்டுச் சீட்டில் 31 என்று எழுதி அவளிடம் தரும். அவள் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வாள். அனுப்பியவருக்கு யார் வாங்கினார்கள் என்று தெரியாது, வாங்கியவருக்கும் அது தேவையில்லை. 1999இல் ஆன்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் இந்த ஏற்பாட்டை வகுத்தது எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக. அங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. சீட்டு ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்ல இந்தக் கதை கைவசம் இருக்கட்டும்.

மதியத்தில் வேண்டுமென்றே ஒரு வேலை செய்வேன். எல்லா டாபிக்கையும் ஒரே நேரத்தில் கேட்கும் குறியீட்டை என் லேப்டாப்பில் போட்டு, அத்தனை மேசைகளின் தகவலையும் புரொஜெக்டரில் ஓடவிடுவேன். அடுத்து, மேசை 5இன் பெயரில் நானே 99 டிகிரி என்று அனுப்புவேன். "சார், அது நாங்க அனுப்பல!" என்று அவர்கள் எழுந்து நிற்கும்போது, பாஸ்வேர்டு இல்லாத புரோக்கரில் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் பேசலாம் என்பது விளங்கிவிடும். 2016இல் மிராய் என்ற தீம்பொருள் வீட்டுக் கேமராக்களையும் ரூட்டர்களையும் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை வைத்தே பிடித்து, அவற்றைக்கொண்டு பெரிய பெரிய தளங்களை முடக்கிய கதையை அந்த இடத்தில் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சோதனைப் புரோக்கர்களில் வீட்டுத் தகவலைப் போடக் கூடாது என்பதற்கும் அதன் பிறகு விளக்கம் தேவைப்படுவதில்லை.

230 வோல்ட் மேசைக்கு வரவே கூடாது. ரிலே வைத்து பல்பு எரிய வைக்கலாமே என்று ஏற்பாட்டாளர்கள் ஆசையாகக் கேட்பார்கள். விருந்தினர் முன்னால் காட்ட நன்றாக இருக்கும். ரிலேயின் கிளிக் சத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு போர்டுக்கு இரண்டு பேர். நாலு பேர் என்றால் ஒருவர் செய்வார், ஒருவர் பார்ப்பார், இருவர் போனில் இருப்பார்கள். இரண்டு பேர் என்றாலும் ஆணும் பெண்ணுமாக இருந்தால் கீபோர்டு பையனிடமும் நோட்டு பெண்ணிடமும் போய்விடுவதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். அதனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் இடம் மாறி உட்கார வேண்டும் என்று மணி அடித்து மாற்றுகிறேன். உதவிக்கு வரும் சீனியர்களுக்கு ஒரே ஒரு கட்டளை: கைகள் முதுகுக்குப் பின்னால். ஜூனியரின் மௌஸைப் பிடுங்கிச் செய்து கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகும் ஆர்வம் இந்த அண்ணன்களுக்கு அடக்க முடியாதது.

மாலையில் கிட்டைத் திரும்ப வாங்குவதற்குச் சான்றிதழுக்கு முன்னால் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சான்றிதழ் கைக்குப் போன பிறகு பஸ்தான் முக்கியம். பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை மூடியிலேயே ஒட்டிவிட்டால் அவர்களே எண்ணி வைத்துவிடுவார்கள். ஓடாதது எதுவோ அதைத் தனி டப்பாவில் போடச் சொல்லுங்கள், யாரும் காரணம் கேட்கப்போவதில்லை என்றும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துகொண்டு நல்லதோடு கலந்து வைத்துவிடுவார்கள். போர்டுகளையும் சென்சார்களையும் வீட்டில் ஆற அமரச் சோதிக்கலாம். ஜம்பர் வயருக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம். உள்ளே அறுந்து வெளியே முழுசாக இருக்கும் வயர் ஒன்று போதும், அடுத்த ஊரில் ஒரு மேசையின் காலை நேரத்தைத் தின்றுவிடும். சந்தேகம் வந்தால் அங்கேயே கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது நல்ல மனசோடு பொறுக்கி எடுத்து மறுபடி பைக்குள் வைத்துவிடுகிறார்கள்.